3 முறை உலக சாம்பியன், கடைசியில் கையில் 800 டாலர்: ரம்மி மேஜையிலிருந்து கிளம்பிய போக்கர் மேதை ஸ்டூ உங்கர் யார்?

மாலை ஏழு மணிக்கு மேடவாக்கம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ நின்றால் நின்றதுதான். ஒரு பக்கம் மெட்ரோ பணித் தடுப்பு, இன்னொரு பக்கம் தாம்பரத்தில் இருந்து வேளச்சேரி போகும் பேருந்து வரிசை. அந்த இடைவெளியில் பின்சீட்டில் ஒன்றிரண்டு போன்களிலாவது சீட்டு விரிந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ரம்மி ஆடுவார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் போக்கர் ஆடுவார்கள். சோழிங்கநல்லூர் ஐடி கம்பெனியில் இருந்து வீட்டுக்குப் போவதற்குள் சம்பளத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

2025 ஆகஸ்ட்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கு மத்திய அரசு மொத்தமாகத் தடை போட்டது. ஆனால் ஒரு விவாதம் மட்டும் ஓயவில்லை. ரம்மியும் போக்கரும் திறமையா, அதிர்ஷ்டமா? திறமைதான் என்றால், திறமைசாலி கடைசியில் ஜெயிக்கத்தானே வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே உதாரணமாகக் காட்டலாம். அமெரிக்காவின் ஸ்டூவர்ட் எரோல் உங்கர். சுருக்கமாக ஸ்டூ உங்கர். சீட்டு ஆட்டத்தில் இவரைவிடப் பெரிய திறமைசாலி இருந்ததில்லை என்று எதிராளிகளே ஒப்புக்கொண்ட ஆள். 1998-ல், 45 வயதில், மலிவு விடுதி அறை ஒன்றில் தனியாக இறந்து கிடந்தார்.

சூதாட்டக் கிளப்பில் வளர்ந்த பையன்

உங்கர் பிறந்தது 1953 செப்டம்பர் 8-ம் தேதி, நியூயார்க்கின் மன்ஹாட்டனில். வளர்ந்த இடம் லோயர் ஈஸ்ட் சைடு. யூதக் குடும்பம். அப்பா ஐசிடோர் உங்கருக்குத் தொழில் பெட்டிங் பிடிப்பது, கந்துவட்டிக்கு விடுவது. ஃபாக்ஸஸ் கார்னர் என்று ஒரு பாரும் நடத்தினார். வெளியே பார், உள்ளே சூதாட்டம்.

மகன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்றுதான் அப்பா நினைத்திருக்கிறார். ஆனால் வீட்டிலும் கடையிலும் நாள் முழுக்கக் காதில் விழுவது பந்தயமும் வட்டிக்கணக்கும். பத்து வயதிலேயே உள்ளூர் ஜின் ரம்மி போட்டி ஒன்றில் ஜெயித்தான் பையன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள்.

இந்த ஜின் ரம்மி நம்ம ஊர் ரம்மிக்குப் பெரியம்மா மகன் மாதிரி. நாம் 13 சீட்டு ஆடுவோம், அது 10 சீட்டு. இரண்டே பேர். செட்டும் வரிசையும் சேர்க்க வேண்டும், கையில் மிஞ்சும் சீட்டின் புள்ளி குறைய வேண்டும். நம்ம ஆட்டத்தில் ஒரிஜினல் இல்லாமல் திணறி, ஸ்கூட் விடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அதே தலைவலிதான் வேறு உருவத்தில். ஜோக்கர் காப்பாற்றும் என்ற ஆறுதல் மட்டும் அங்கே இல்லை.

அதில் உங்கருக்கு இருந்த பலம் நினைவாற்றல். எதிராளி எதை எடுத்தார், எதை இறக்கினார், எதை இறக்கத் தயங்கினார் எல்லாமே தலைக்குள் பதிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு சீட்டு இறங்குவதற்குள் எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடுவார் என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது மாயாஜாலம். உண்மையில் அது கழித்தல் கணக்கு. 52-ல் வெளியே வந்ததைக் கழி, என் கையில் இருப்பதைக் கழி, மிச்சத்தில் இவருக்கு எது தேவைப்படும் என்று பார். கணக்கு எளிது. அதை இரவு முழுக்க ஒரு தப்பும் இல்லாமல் போடுவதுதான் யாராலும் முடியாதது.

1967-ல் அப்பா மாரடைப்பில் இறந்தார். பையனுக்கு அப்போது 13 வயது. அதற்குப் பிறகு அம்மாவும் பக்கவாதத்தில் விழுந்தார். வீட்டுக்குப் பணம் வரும் ஒரே வழியாகச் சீட்டு ஆனது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார். விக்டர் ரோமானோ என்ற நிழலுலகப் புள்ளியின் அரவணைப்பு கிடைத்தது. ரோமானோவே சீட்டில் கெட்டிக்காரர், கணக்கில் ஆர்வம் உள்ளவர். அவர் ஆள் என்ற பெயர் இருந்ததால் வாய்த்துடுக்குக்காரப் பையனை யாரும் கை வைக்கவில்லை. தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் உங்கருக்குக் கடைசிவரை போகவே இல்லை என்பதால், அந்தப் பாதுகாப்பு சாதாரண விஷயம் கிடையாது.

ஜெயித்ததால் தொழில் போனது

இருபது வயதுகளில் உங்கர் ஜின் ரம்மியில் நாட்டின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரையும் அடித்துவிட்டார். ஹாரி ஸ்டைன் என்ற அந்தக் காலத்து நட்சத்திரத்தை அவர் தோற்கடித்த விதம் இன்றும் கதையாகச் சொல்லப்படுகிறது. அதன்பிறகு ஸ்டைன் ஜின் மேஜைப் பக்கமே தலைகாட்டவில்லையாம்.

விளைவு? உங்கருடன் ஆட யாரும் வரவில்லை. சலுகை கொடுத்துப் பார்த்தார், தன் கட்டில் ஒரு சீட்டைக் காட்டிவிட்டே ஆடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அப்படியும் ஜெயித்தார். லாஸ் வேகாஸ் போய்ப் போட்டிகளில் சேர்ந்தால், இவர் பெயர் பட்டியலில் இருப்பதைப் பார்த்தே மற்றவர்கள் விலகினார்கள். தன் திறமையாலேயே தன் சந்தையை மூடிக்கொண்டவர்.

பந்தய உலகத்தின் விசித்திரம் இதுதான். எப்போதும் ஜெயிப்பவனுக்கு அங்கே இடம் இல்லை. தோற்பவனுக்கு அடுத்த கையில் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவன் மேஜைக்கு வருவான். அந்த நம்பிக்கையைக் கொடுக்க அதிர்ஷ்டம் கொஞ்சமாவது கலந்திருக்க வேண்டும். ஜின் ரம்மியில் உங்கருக்கு எதிராக அது போதவில்லை. போக்கரில் தாராளமாக இருந்தது. அதனால்தான் போக்கருக்குப் போனார். கொஞ்சம் கடன் தொல்லையும் இருந்தது என்பது வேறு விஷயம்.

1977 வாக்கில் லாஸ் வேகாஸ் வந்தவர், பிளாக்ஜாக்கையும் விடவில்லை. கேசினோ உரிமையாளர் பாப் ஸ்டுபாக், பல கட்டுகளைக் கலந்து வைத்த சீட்டுப் பெட்டியில் இறங்கியதை எல்லாம் நினைவில் வைத்து மீதியைச் சொல்ல முடியுமா என்று 1 லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். உங்கர் சொல்லிக் காட்டி ஜெயித்தார். அதற்குப் பிறகு எந்த கேசினோவும் அவரை பிளாக்ஜாக் மேஜையில் சந்தோஷமாக வரவேற்றிருக்காது.

ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தால் என்ன கணக்கு?

உங்கரை உலகம் நினைவில் வைத்திருப்பது இரண்டு சீட்டாட்டங்களுக்காக. ஒன்று 1980, இன்னொன்று 1997. இரண்டிலும் நடுமேஜையில் விழுந்த முதல் மூன்று சீட்டில் ஏஸ் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் அடிப்படை தெரிய வேண்டும். ரம்மி தெரிந்தவர்களுக்கு ரெண்டே நிமிஷம்.

டெக்ஸாஸ் ஹோல்டம் என்ற போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் ஐந்து பொதுச் சீட்டு திறக்கும். முதலில் மூன்று சேர்ந்து வரும், அது ஃப்ளாப். அடுத்து ஒன்று டர்ன். கடைசி ஒன்று ரிவர். கையில் இருக்கும் இரண்டு, நடுவில் இருக்கும் ஐந்து, இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் ஜெயிப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கூட்டலாம், பயந்தால் சீட்டைக் கவிழ்த்து வெளியேறலாம். எல்லோரும் வெளியேறிவிட்டால் கடைசியாக நிற்பவருக்கே மொத்தப் பணமும். அவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி.

ரம்மிக்கும் போக்கருக்கும் முக்கிய வித்தியாசம் இங்கேதான். ரம்மியில் சீட்டு பேசும். போக்கரில் பந்தயம் பேசும்.

இப்போது ஃப்ளாப்பில் ஏஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏஸ் யாருக்கு உதவும்? ஃப்ளாப்புக்கு முன்பே பந்தயத்தைக் கூட்டியவருக்கு. ஏனென்றால் ஏஸ் வைத்திருப்பவர்கள்தான் பொதுவாக முதலில் கூட்டுவார்கள். எதிராளிக்கும் அது தெரியும். அதனால் கூட்டியவர் கையில் ஏஸ் இல்லாவிட்டாலும், இருப்பது போல ஒரு கதை சொல்லலாம். அதற்குப் பெரிய தொகை வேண்டியதில்லை. நடுவில் 300 ரூபாய் இருக்கிறது, 100 ரூபாய் பந்தயம் கட்டுகிறார். நான்கு முறையில் ஒரு முறை எதிராளி பயந்து வெளியேறினாலே நஷ்டம் இல்லை. மூன்று முறை 100 போகும், ஒரு முறை 300 வரும். இதையே 300 கட்டினால், இரண்டில் ஒரு முறை அவர் ஓட வேண்டும். ஏஸ் விழுந்த ஃப்ளாப்பில் அனுபவசாலிகள் சின்னத் தொகையை அடிக்கடி கட்டுவது இதனால்தான்.

எதிராளி கையில் நிஜமாகவே ஏஸ் இருந்தால்? ஃப்ளாப்பில் ஒரு ஏஸ், உங்கள் கையில் ஏஸ் இல்லை என்றால், தெரியாத 47 சீட்டில் மூன்று ஏஸ் பாக்கி. ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் எதிராளியிடம் அதில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு சுமார் 12.5 சதவீதம். உங்கள் கையிலும் ஒரு ஏஸ் இருந்தால் அது 8.4 சதவீதமாகக் குறையும். ஆனால் இது வெறும் கணக்கு. நிஜ மேஜையில் ஏஸ் வந்தவர் கவிழ்க்க மாட்டார், மோசமான சீட்டு வந்தவர்தான் முதலிலேயே போயிருப்பார். ஆகவே எதிரே இன்னும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றாலே அந்தச் சதவீதத்தைக் கூட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் கொஞ்சம் குறைவாக, ஒன்பது பேர் உட்கார்ந்த மேஜையில் நிறைய.

இன்னொரு ஆபத்து, இரண்டு பேரிடமும் ஏஸ் இருப்பது. அப்போது பக்கத்துச் சீட்டு யாருடையது பெரியது என்பதுதான் தீர்ப்பு. ஏஸும் நாலும் வைத்திருப்பவர் துள்ளிக் குதிக்கும் நேரத்தில், எதிரே ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவர் அமைதியாக உட்கார்ந்திருப்பார். புதிதாக ஆட வருகிறவர்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

1980: பிரன்சன் விரித்த வலை

1980-ல் உங்கர் முதன்முறையாக உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் சேர்ந்தார். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். மொத்தம் 73 பேர். உங்கருக்கு 26 வயது, பார்க்க 16 வயதுப் பையன் மாதிரி இருப்பார். பொடியன் என்ற அர்த்தத்தில் கிட் என்றே கூப்பிட்டார்கள். ஹோல்டம் ஆட்டத்தில் அவருக்குப் பெரிய அனுபவம் கிடையாது. போட்டி நடக்க நடக்க ஆட்டம் கூடிக்கொண்டே போனது என்று உடன் ஆடியவர்கள் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

கடைசியில் எதிரே மிஞ்சியவர் டாயில் பிரன்சன். 1976, 1977 இரண்டு வருட சாம்பியன். போக்கர் ஆடுவது எப்படி என்று பெரிய புத்தகமே எழுதியவர்.

கடைசி ஆட்டத்தில் பிரன்சன் கையில் ஏஸும் ஏழும். உங்கர் கையில் ஐந்தும் நாலும், இரண்டும் ஸ்பேடு. ஃப்ளாப்: ஏஸ், ஏழு, இரண்டு. பிரன்சனுக்கு இரண்டு ஜோடி விழுந்துவிட்டது. உங்கரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. பிரன்சன் 17,000 டாலர் கட்டினார். உங்கரைத் துரத்தும் தொகை அல்ல, உள்ளே இழுக்கும் தொகை. பெரிய சீட்டு விழுந்தவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

உங்கர் ஏன் உள்ளே போனார்? ஒரு மூன்று விழுந்தால் ஏஸ்–2–3–4–5 என்று வரிசை சேரும். பார்க்காத 45 சீட்டில் மூன்று என்பது நான்கே நான்கு. சுமார் பதினொன்றில் ஒரு முறைதான் வரும். அந்த ஒரு சீட்டுக்காக 17,000 கொடுப்பது சாதாரணக் கணக்கில் நஷ்டம். ஆனால் உங்கர் போட்டது வேறு கணக்கு. மூன்று விழுந்தால் பிரன்சன் அதைச் சந்தேகிக்கவே மாட்டார், இரண்டு ஜோடியை நம்பி மொத்தத்தையும் உள்ளே தள்ளுவார். அப்போது கிடைக்கப்போவது இப்போது நடுவில் இருக்கும் பணம் மட்டும் இல்லை, அவர் முன்னால் அடுக்கி வைத்திருக்கும் அத்தனை சில்லும்.

டர்னில் மூன்று விழுந்தது. உங்கர் 40,000 கட்டினார். பிரன்சன் எல்லாவற்றையும் தள்ளினார். ரிவரில் வந்த இன்னொரு இரண்டு யாருக்கும் உதவவில்லை. அதுவரையிலான மிக இளைய சாம்பியனாக உங்கர் எழுந்தார். பரிசைக் கொடுக்கும்போதுதான் அவருக்கு அரசாங்க அடையாள எண்ணே இல்லை என்பது தெரிந்தது என்றும் ஒரு கதை உண்டு. வங்கிக் கணக்கு, வரி, ரசீது எதுவும் இல்லாமல் ரொக்கத்திலேயே வாழ்ந்தவர்.

அடுத்த வருடம் 1981-ல் 75 பேர் ஆடிய போட்டியில் பெர்ரி கிரீனை வென்று மீண்டும் சாம்பியன். பரிசு 3,75,000 டாலர்.

பணம் எங்கே போனது?

குதிரை, கால்பந்து, கோல்ஃப், தெருமுனை பந்தயம். எதிலெல்லாம் கணக்குப் போட்டு ஜெயிக்க முடியாதோ அதிலெல்லாம்.

கோல்ஃப் மட்டையை முதன்முறையாகக் கையில் எடுத்த அன்றே, ஆட்டம் தொடங்குவதற்கு முன் பந்து உருட்டிப் பழகும் புல்தரையிலேயே 80,000 டாலர் தோற்றார் என்று சொல்வார்கள். வாங்கிய விலையுயர்ந்த காருக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்பது தெரியாமல் இன்ஜின் கெடும் வரை ஓட்டினார் என்பது இன்னொன்று. தொகையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு கதையைக்கூட அவரை அறிந்தவர்கள் யாரும் நம்ப மறுத்ததில்லை.

சீட்டு மேஜையில் ஒரு டாலருக்கும் காரணம் கேட்கும் மூளை, எழுந்து நாலு அடி நடந்ததும் கணக்கை மறந்துவிடும். இதைத்தான் நம் ஊர் விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. ஆட்டத்தில் திறமை இருக்கிறதா என்று நீதிமன்றங்கள் கேட்கின்றன. ஆடுகிறவருக்கு நிறுத்தத் தெரிகிறதா என்பது வேறு கேள்வி. அது எந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்திலும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வழக்கு நடந்த விதத்தைப் பார்த்தால் புரியும். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. ஆன்லைனில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் சென்னை புறநகரில் இருந்தும் மற்ற மாவட்டங்களில் இருந்தும் வரத் தொடங்கிய பிறகு, 2020 நவம்பரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு, அதன் அறிக்கை, மறுபடி அவசரச் சட்டம், ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பியது, சட்டப்பேரவை மறுபடி நிறைவேற்றியது என்று இழுத்து, 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்ட பகுதியை மட்டும் நீக்கியது. 2025-ல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்று மாநில ஆணையம் விதி போட்டது. சில மாதங்களில் மத்திய சட்டம் வந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

அந்த நள்ளிரவு விதியைச் சிலர் கிண்டல் செய்தார்கள். உங்கரின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு அது கிண்டலாகத் தெரியாது. (சூதாட்டப் பழக்கம், கடன் நெருக்கடி, தற்கொலை எண்ணம் இருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்களில் இலவச ஆலோசனை பெறலாம்.)

உடைந்த பத்து ஆண்டுகள்

இரவு பகலாக ஆடுவதற்குத் தூக்கம் வராமல் இருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் உங்கர் கோகைனைத் தொட்டது அந்தக் காரணத்துக்காகத்தான் என்பார்கள். பிறகு காரணமே தேவைப்படவில்லை.

மேட்லினைத் திருமணம் செய்துகொண்டார், 1982-ல் மகள் ஸ்டெஃபனி பிறந்தாள். மேட்லினின் மகன் ரிச்சியைத் தன் மகனாகத் தத்தெடுத்து வளர்த்தார். 1986-ல் விவாகரத்து. சில ஆண்டுகளில் ரிச்சி இளம் வயதிலேயே உயிரை மாய்த்துக்கொண்டான். அதிலிருந்து உங்கர் மீளவில்லை.

ஆட்டம் மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. அமரில்லோ ஸ்லிம் நடத்திய சூப்பர் போல் ஆஃப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை 1984, 1988, 1989 என்று மூன்று முறை வென்றார். அந்தக் காலத்தில் உலகத் தொடருக்கு அடுத்த இடத்தில் இருந்த போட்டி அது.

1990 உலகத் தொடரில் நடந்ததுதான் வேதனை. முதல் இரண்டு நாள் ஆட்டத்தில் மலை மாதிரி சில்லு குவித்துவிட்டார். மூன்றாம் நாள் நாற்காலி காலி. ஓட்டல் அறையில் போதை மிகுந்து சுயநினைவில்லாமல் கிடந்தார். போட்டி நிற்கவில்லை. அவர் இல்லாமலே ஒவ்வொரு சுற்றிலும் அவர் பங்குக்கான கட்டாயப் பந்தயத்தை அவர் சில்லில் இருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படித் தேய்ந்து தேய்ந்தும் அந்தக் காலி நாற்காலி ஒன்பதாவது இடம் பிடித்தது.

1997: ஏழு சீட்டு

அடுத்த ஏழு வருடத்தில் கடன் ஏறியது, உடம்பு இளைத்தது. 1997 மே மாதம் உலகத் தொடர் தொடங்கும் அன்று காலை அவரிடம் நுழைவுக் கட்டணம் கிடையாது. சக ஆட்டக்காரர் பில்லி பாக்ஸ்டர் கடைசி நேரத்தில் 10,000 டாலரைப் போட்டார். ஜெயித்தால் ஆளுக்குப் பாதி என்பது ஒப்பந்தம். பதிவு மூடும் நேரத்தில் உங்கர் உள்ளே நுழைந்தார். முதல் நாளே மேஜையில் தூக்கத்தில் சாய்ந்தார். நண்பர்கள் தட்டி எழுப்பித் தைரியம் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நம்புவது கடினம். 312 பேர் ஆடிய போட்டியில் நாளுக்கு நாள் முன்னேறி, இறுதி மேஜைக்கு அதிக சில்லுடன் வந்தார். வட்டமான நீலக் கண்ணாடி. போதைப் பழக்கத்தால் சிதைந்திருந்த மூக்கை மறைக்கத்தான் அது. பையில் மகள் ஸ்டெஃபனியின் போட்டோ. இறுதி மேஜையை அந்த வருடம் லாஸ் வேகாஸின் ஃப்ரீமாண்ட் தெருவில் திறந்தவெளியில் போட்டிருந்தார்கள்.

கடைசியில் எதிரே இருந்தவர் ஜான் ஸ்ட்ரெம்ப். உங்கர் கையில் ஏஸும் நாலும். ஸ்ட்ரெம்ப் கையில் ஏஸும் எட்டும். ஃப்ளாப்: ஏஸ், ஐந்து, மூன்று. மேலே சொன்ன ஆபத்து அப்படியே நேரில் வந்தது. இருவரிடமும் ஏஸ், உங்கரின் பக்கத்துச் சீட்டு சின்னது.

ஸ்ட்ரெம்ப் 1,20,000 கட்டினார். உங்கர் எல்லாவற்றையும் தள்ளினார். இது முட்டாள்தனமா? இல்லை. இருவர் மட்டும் ஆடும்போது எதிராளியிடம் ஏஸ் இருக்கும் வாய்ப்பு குறைவு, பயந்து கவிழ்க்கும் வாய்ப்பு அதிகம், தப்பித்தவறி மாட்டிக்கொண்டாலும் இரண்டு விழுந்தால் வரிசை சேரும். உங்கரிடம் சில்லும் கூடுதல், தோற்றாலும் போட்டி அதோடு முடியாது. சரியான முடிவுதான். ஆனால் சரியான முடிவு தப்பான நேரத்தில் விழுந்தது. ஸ்ட்ரெம்ப் ஒத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

டர்னில் இன்னொரு மூன்று. இப்போது மிச்சம் 44 சீட்டு. அதில் 14 சீட்டு விழுந்தால் ஸ்ட்ரெம்ப் ஜெயிப்பார். 23 சீட்டு விழுந்தால் ஆளுக்குப் பாதி. உங்கர் முழுதாக ஜெயிக்க ஏழே ஏழு சீட்டு: நான்கு இரண்டுகள், மூன்று நாலுகள். நூற்றுக்குப் பதினாறு.

ரிவரில் இரண்டு விழுந்தது. பதினேழு வருடம் முன்பு பிரன்சனுக்கு எதிராகச் சேர்ந்த அதே ஏஸ்–2–3–4–5. உலகத் தொடரின் முக்கியப் போட்டியில் மூன்றாவது பட்டம். அதற்கு முன் ஜானி மாஸுக்கும் மூன்று உண்டு. ஆனால் அதில் முதலாவது, 1970-ல் சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது. பரிசு 10 லட்சம் டாலர், பாக்ஸ்டருக்குப் பாதி போக 5 லட்சம்.

இந்த இடத்தில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? நான்கு நாளில் 310 பேரைத் தாண்டி அந்த நாற்காலிக்கு வந்தது திறமை. கடைசி சீட்டு, அந்தப் பதினாறு சதவீதம். இரண்டையும் பிரிக்கச் சொன்னால் எந்த நீதிபதிக்கும் கஷ்டம்தான். ஆனால் மேடவாக்கத்தில் இருந்து போனில் ஆடியவருக்கு இந்தக் கேள்வியே பெரிதாகப் பொருந்தாது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது பில்லி பாக்ஸ்டரின் பணத்தில் ஆடும் உங்கர் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும் நிறுவனம் அங்கே உண்டு. இரண்டு பேரும் சமத் திறமையுள்ளவர்கள் என்றால், நாள் முழுக்க ஆடி முடிக்கும்போது இரண்டு பேருமே நஷ்டத்தில் இருப்பார்கள்.

அறை எண் மட்டும் தெரிந்த விடுதி

அந்த 5 லட்சம் சில மாதங்கள்தான் இருந்தது. விளையாட்டுப் பந்தயமும் போதையும் தின்றுவிட்டன. 1998-ல் பாக்ஸ்டர் மறுபடியும் நுழைவுக் கட்டணத்தைக் கட்டினார். நடப்பு சாம்பியன் ஆட வருவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். உங்கர் அறையை விட்டு இறங்கி வரவில்லை. அந்த நிலையில் போய் உட்காருவதைவிட வராமல் இருப்பதே மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பழைய பந்தயக்காரர் பாப் ஸ்டுபாக் அந்த வருடக் கடைசியில் அவருடைய கடனை அடைத்து, போட்டிகளுக்கு அனுப்ப முன்வந்தார். 1998 நவம்பர் 20-ம் தேதி உங்கர் லாஸ் வேகாஸின் ஒயாசிஸ் மோட்டலில் அறை எடுத்தார். 22-ம் தேதி உள்ளே இறந்து கிடந்தார். உடம்பில் போதைப்பொருளின் தடயம் இருந்தது, ஆனால் உயிரை எடுக்கும் அளவில் இல்லை. பல வருடப் பழக்கத்தில் பலவீனமான இதயம் நின்றுவிட்டது என்பதே மருத்துவ முடிவு. அறையில் இருந்த பணம் சுமார் 800 டாலர். வாழ்நாளில் அவர் கையால் புரண்டது 3 கோடி டாலர் என்பது போக்கர் உலகில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இறுதிச் சடங்குக்கு ஸ்டுபாக் நண்பர்களிடம் பணம் திரட்டினார். 2001-ல் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் உங்கரின் பெயரைச் சேர்த்தார்கள். 2003-ல் அவர் வாழ்க்கை ஹை ரோலர் என்ற படமாக வந்தது. 1997-ல் அவர் வென்ற அன்று மகள் ஸ்டெஃபனிக்கு வயது பதினைந்துகூட ஆகியிருக்கவில்லை. அவர் இறக்கும்போது பதினாறு.